ஐம்பது குண்டுக்கான காற்று

“இதனால எது போவும்?”

எந்தப் பொருளை எடுத்து வைத்தாலும் பாயம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். விலை கேட்க மாட்டார். கேரண்டி கேட்க மாட்டார். நான் மூச்சு வாங்க வாங்கப் பெருமைகளைச் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் இதைக் கேட்பார். சிதம்பரத்தில் பதினெட்டு வருடமாக விளையாட்டுச் சாமான் கடை நடத்துகிறேன். இதை வாங்கினால் என்ன கிடைக்கும் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். என்ன போகும் என்று எந்தக் கம்பெனிக்காரன் பெட்டியில் அச்சடித்துத் தருகிறான்?

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பில் போட்டது அவர் வீட்டுக்காரர் பெயரில். வாங்கி வைத்த ஆதார் ஜெராக்ஸும் அவருடையதுதான். அவரை ஊரே பாய் என்றது, இவரைப் பாயம்மா என்றது, அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு. பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, புர்காவின் முகத்திரையைத் தூக்கித் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, என் கடைப் படியில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்குவார். உள்ளே வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

முதல் தடவை அவர் வந்தது ஒரு ஆடி மாதம். அரிசிச் சாக்கில் சுற்றிய ஒரு பழைய ஏர் கன்னை மேசைமேல் வைத்தார்.

“இது இருபத்தஞ்சி வருசமா ஒழைக்குது தம்பி. இதவிட நல்லதா ஒண்ணு காட்டுங்க.”

நல்லது என்றால் எனக்குத் தெரிந்தது வேகம்தான். ஏர் கன் வாங்க வருகிற அத்தனை பேரும் வேகத்தைத்தான் கேட்பார்கள். இருப்பதிலேயே வேகமானதை எடுத்து வைத்தேன்.

“எது போவும்?”

“ஒண்ணும் போவாதும்மா. வேகம்தான் ஜாஸ்தி.”

“வேகம் ஜாஸ்தின்னா ஸ்பிரிங் கெட்டியா இருக்கும்ல? குழல ஒடிச்சி மடக்கறதுக்கு பலம் ஜாஸ்தி வேணும்ல?”

“கொஞ்சம் வேணும்தான்.”

“அப்ப வேணாம்.”

சரி, லேசானதைக் கேட்கிறார் போலிருக்கிறது என்று லேசானது ஒன்றை எடுத்தேன். தூக்கிப் பார்த்தார். கனம் போனால் குறி ஆடும், பீச்சுக் காற்றில் இன்னும் ஆடும் என்றார். கனமானதை எடுத்தேன். இதை யார் தூக்குவது என்றார். குழல் நீளமானது ஒடிக்க எளிது, ஏனென்றால் இழுக்கப் பிடி அதிகம். அதைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே, “நீளமா இருந்தா முன்னாடி இழுக்கும், மூக்கு கீழ போவும்” என்று அவரே அதையும் தள்ளினார். தோளில் அணைத்துப் பிடிக்கிற கட்டையில் தேக்கு, பிளாஸ்டிக் என்று ஆரம்பித்தேன். தேக்கு உப்புக் காற்றில் ஊதும், பிளாஸ்டிக் கன்னத்தில் வேர்க்கும். அதற்குமேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த அம்மாவுக்கு என்னதான் வேண்டும்?

அதைவிடக் குழப்பம், அவர் துப்பாக்கியைச் சோதித்த விதம். இடது கையை புர்காவுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, கட்டையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் குழலை ஒடித்துப் பார்த்தார். பாதி வந்து திரும்பவும் விருட்டென்று போய்விட்டது. விரல் தப்பியது ஆண்டவன் புண்ணியம்.

“ஐயோ, ரெண்டு கையாலயும் புடிங்கம்மா!”

“ரெண்டு கை இருந்தா நான் ஏன் தம்பி ஒங்க கடைக்கி வர்றேன்?” என்றார், இரண்டு கையையும் வைத்துக்கொண்டு.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவரும் பாயும் பலூன் சுடும் கடை போடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் சில்வர் பீச். மற்றபடி திருவிழா எங்கேயோ அங்கே. சிதம்பரத்தில் ஆனித் தேர், ஸ்ரீமுஷ்ணத்தில் தேர், கிள்ளையில் மாசி மகம். பலூன் வெடிக்கும் சத்தம் எல்லாக் கடையிலும் கேட்கும். அவர்கள் கடையில் மட்டும் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பலகைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசுகளை நூலில் தொங்கவிட்டு, இருபதடி தள்ளி நின்று, வருகிறவர்களிடம் பேசிக்கொண்டே அதைச் சுடுவார் பாய். அந்த டிங்குக்குத்தான் கூட்டம் திரும்பும். சொல்லச் சொல்ல எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. காலேஜ் படிக்கும்போது பீச்சில் அந்தச் சத்தத்துக்காக நானே நின்றிருக்கிறேன்.

அந்தப் பாய்க்குப் பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சும் தப்பித்தது. காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வலது கை பழையபடி இருக்கிறது. இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் இந்தத் துப்பாக்கிகளில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை குழலை ஒடித்து மடக்கினால்தான் உள்ளே ஸ்பிரிங் இறுகும். ஒரு கை கட்டையைப் பிடிக்க, இன்னொரு கை குழலை இழுக்க வேண்டும். நான் ஒடித்துத் தருகிறேன் என்றார் பாயம்மா. பாயின் மச்சான் ஒருவர் வந்து நான் ஒடித்துத் தருகிறேன் என்றார்.

“அடுத்தவன் ஒடிச்சிக் குடுத்து நான் சுடுறதா? அதுக்கு சும்மாவே குந்தியிருக்கேன்னுட்டாங்க தம்பி. குந்தியும் குந்திட்டாங்க. ஆறு மாசம் ஆச்சி. டிவியப் போட்டு சத்தத்த அமுத்திட்டு பாக்குறாங்க. அதுல என்னா ஓடுதுன்னு கேட்டா தெரியாது.” பாயம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வர்ற மாசி மகத்துக்கு அவுங்கள கிள்ளைல கடைக்கி முன்னாடி நிறுத்திடணும். இல்லன்னா இந்த மனுசன் நாற்காலிலயே முடிஞ்சிருவாங்க.”

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒற்றைக் கையால் ஒடிக்கிற துப்பாக்கிக்கு நான் எங்கே போவேன்? பார்க்கலாம்மா என்று சொல்லி அனுப்பினேன். இனி வர மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை அதே ஸ்டூலில் இருந்தார்.

வியாழன்தோறும் வந்தார். வந்து துப்பாக்கியை மட்டும் நோட்டம் விட்டால் பரவாயில்லை, என் குடும்பத்தையே நோட்டம் விட்டார். கடைக்கு ஏசி போடப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். “ஏசி போட்டா கதவ சாத்தணும். சாத்துன கதவ எவன் தள்ளிட்டு வந்து பந்து வாங்குவான்?” என்றார். போட்டேன். இரண்டு மாதத்தில் கதவைத் திறந்து வைத்து மின்விசிறியைப் போட்டுவிட்டேன். பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். சத்தமே இல்லை பாருங்கள் என்று ஓட்டிக் காட்டினேன். “சத்தம் போச்சின்னா நாய் எந்திரிக்காது” என்றார். மூன்றாம் நாள் தெற்கு வீதியில் நடு ரோட்டில் படுத்திருந்த ஒரு நாய் நிஜமாகவே எழுந்திருக்கவில்லை. அதற்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் முட்டி பேர்ந்தது.

இதில் எனக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. எதிலும் குறை கண்டுபிடிக்கிற ஆள் என்றால் முகத்தில் ஒரு கசப்பு இருக்கும். பாயம்மாவுக்கு அது கிடையாது. எது போகும் என்று தெரிந்துகொண்டால், ‘சரி, அது போவட்டும்’ என்று சந்தோஷமாகச் சொல்லவும் தெரியும். மகன் மலேசியாவுக்குப் போகிறேன் என்றபோது, இன்னின்னது போகும் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிட்டு, அவரே பெட்டி கட்டிக் கொடுத்தாராம். என் மனைவியிடம் இதைச் சொன்னேன். “ஒங்களக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்டயும் யாராச்சும் அப்படிச் சொல்லியிருக்கலாம்” என்றாள்.

ஒரு வியாழக்கிழமை பாயம்மா ஒரு யோசனையோடு வந்தார்.

“தம்பி, பத்து துப்பாக்கி வாங்குறேன்னு வைங்க. காலைலயே நான் பத்தையும் ஒடிச்சி ரெடியா வச்சிட்டா, அவுங்க யாரையும் கேக்காம பத்து குண்டு சுடலாம்ல?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பத்து குண்டு தீர்ந்ததும் பதினொன்றாவது குண்டுக்கு யார் ஒடிப்பது என்று நான் கேட்க, அவர் மோவாயைச் சொறிந்தார். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. பலத்தை முன்கூட்டியே போட்டு வைக்கிற துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அடியில் ஒரு குழாய். அதில் பம்பு வைத்துக் காற்றை அடைத்துவிட்டால் ஐம்பது குண்டு வரும். ஒடிக்க வேண்டாம், மடக்க வேண்டாம். பின்னால் இருக்கிற சின்னப் பிடியை ஒற்றை விரலால் இழுத்துவிட்டால் போதும்.

பாயம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். “எது போவும்? சீக்கிரம் சொல்லுங்க.”

சொன்னேன். கனம் ஜாஸ்தி. அதற்கு அவர், மணல் மூட்டைமேல் வைத்துச் சுடலாம், கட்டை கீறாமல் இருக்கத்தான் மூட்டை என்று பாயிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். உள்ளே ரப்பர் வாஷர்கள், உப்புக் காற்றில் கெடும். அதற்கு எண்ணெய் போடலாம். சுடும்போது சத்தம் குறைவு. “சத்தம் போனா டிங்கு நல்லா கேக்கும். அது போவட்டும்!” என்று மேசையைத் தட்டினார். கடைசியில் பம்பு. தினமும் யாராவது காற்று அடித்தாக வேண்டும், அதற்கு இரண்டு கையும் நல்ல உடம்பும் வேண்டும்.

“நான் அடிப்பேன். அவுங்களுக்குத் தெரியக்கூடாது.”

துப்பாக்கியையும் பம்பையும் வரவழைத்தேன். பம்பு பார்க்க சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும், ஆனால் காற்று ஏற ஏறக் கைப்பிடி இறங்க மறுக்கும். கடைக்குள்ளேயே அடித்துப் பார்த்தார். பத்து அடி நான் அடித்துக் காட்டினேன், மீதியை அவர் அடித்தார். வயிற்றைக் கைப்பிடிமேல் சாய்த்து மொத்த உடம்பையும் இறக்கினார். பந்து வாங்க வந்த காலேஜ் பசங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

“டாக்டரம்மா ஒடம்பக் கொறைக்கச் சொல்றாங்க” என்றார் மூச்சிரைக்க. “கொறைச்சா இத எவ அடிக்கறது?”

விடிகாலைத் தொழுகைக்குப் பாய் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்ப, அவர் நடக்கிற நடைக்கு, முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அடித்து முடித்துப் பம்பை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிடலாம். திட்டம் முழுக்கத் தயார். ஒரே ஒரு சிக்கல், துப்பாக்கியின் அடியில் ஒரு சின்ன மீட்டர் இருந்தது. எவ்வளவு காற்று இருக்கிறது என்று அது காட்டிக் கொடுத்துவிடும். பாயம்மா பையிலிருந்து 786 ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சரியாக அந்த மீட்டர்மேல் ஒட்டினார்.

“இத அவுங்க உரிக்க மாட்டாங்க.”

“இதுக்கெல்லாம் அத ஒட்டலாமா பாயம்மா?”

“எதுக்கு ஒட்டுறேன்னு அல்லாவுக்குத் தெரியும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “காத்து யாரு அடிக்கறதுன்னு அவுங்க ஒங்களக் கேப்பாங்க. கம்பெனிலயே அடிச்சி வருது, ஒரு வருசம் தாங்கும்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

கேட்கத்தான் செய்தார். அடுத்த வாரம் பாயே மச்சானோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளைத் தாடி, இஸ்திரி போட்ட சட்டை, வலது கையில் தடி. துப்பாக்கியை மேசைமேல் சாத்தி, ஒற்றை விரலால் பிடியை இழுத்து விட்டார். இன்னொரு தடவை இழுத்து விட்டார். இத்தனை மாதமாகச் சத்தமில்லாத டிவி பார்த்த மனிதர் அந்த ‘கிளிக்’கைக் கேட்டு அப்படிச் சிரித்தார்.

“காத்து?”

“கம்பெனில அடிச்சது பாய். ஒரு வருசம் தாங்கும்.”

“கடைசி குண்டு வரைக்கும் ஒரே அடியா இருக்குமா தம்பி? இல்ல காத்து எறங்க எறங்க குண்டும் எறங்குமா?”

முப்பது வருடம் இதிலேயே கிடந்த ஆள். சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். துப்பாக்கியோடு வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஏதோ எழுதியிருந்தது, நான் அரைகுறையாகத்தான் படித்திருந்தேன். காற்று குறைந்தால் குண்டு ஒரு விரற்கடை கீழே போகும் என்று ஒரு படம்கூடப் போட்டிருந்தான். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது வரும், பாயம்மாவின் திட்டமே கவிழும். எனக்கும் கை மேல் வந்த வியாபாரம். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நான் எதற்காகப் பயந்தேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

“ஒரே அடிதான் பாய்” என்றேன்.

அந்த ஐப்பசியிலிருந்து பீச்சில் மறுபடியும் டிங் கேட்டது. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். பாய் ஸ்டூலில் உட்கார்ந்து, மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, பேசிக்கொண்டே சுட்டார். கூட்டம் திரும்பியது. பாயம்மா பழைய துப்பாக்கிகளை ஒடித்து ஒடித்து வந்தவர்களிடம் நீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணை மட்டும் சிமிட்டினார். சாயங்காலம் ஐந்து மணிக்கே பாய் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, வெளிச்சம் போயிடிச்சி என்றார். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. வயசாகிவிட்டது, களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாசி மகத்தன்று மத்தியானத்துக்கு மேல் மனைவியோடு கிள்ளைக்குப் போனேன். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெருமாள் வந்து, வழக்கம்போல் தர்கா மரியாதையை ஏற்று, கடலுக்குப் போய்த் தீர்த்தவாரியும் முடிந்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் கடைகள். மனைவி வளையல் கடையில் நிற்க, நான் டிங் வருகிற திசையில் போனேன். அங்கே டிங் வரவில்லை. கூட்டம் மட்டும் இருந்தது.

பாய் சுட்டார். காசு ஆடவில்லை. அடுத்ததும் அப்படியே. பக்கத்துத் துப்பாக்கிகளில் பலூன்கள் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன. பாயின் காசுகள் மட்டும் நூலில் சும்மா தொங்கின. ஐந்து தடவை தவறியது. கூட்டத்தில் ஒருவன், “பாய், கண்ணாடி போட்டுக்கங்க” என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

பாய் துப்பாக்கியை மூட்டைமேல் மெதுவாக வைத்தார். வலது கையை விரித்து, மடக்கி, திரும்ப விரித்துப் பார்த்தார். பிறகு பாயம்மா பக்கம் திரும்பினார். பாயம்மா பாதி ஊதிய பலூனை வாயருகே பிடித்தபடி நின்றார்.

“போதும். இந்தக் கிள்ளையோட நிறுத்திக்கலாம்.”

“என்னா, அஞ்சி குண்டு தவறுனதுக்கா?”

“அஞ்சி இல்ல. ரெண்டு மாசமா மத்தியானத்துக்கு மேல இப்டிதான். வெளிச்சம் இல்லன்னு ஒன்னாண்ட பொய் சொன்னேன். இந்தக் கையும் போவுது.”

அதை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை இல்லை, காற்று! காலையில் அடைத்த காற்று மத்தியானத்துக்கு மேல் இறங்குகிறது, குண்டும் இறங்குகிறது. பெரிய பலூனுக்கு அது தெரியாது. காசுக்குத் தெரியும். வாஷர் தேயத் தேய இரண்டு மாதமாக இன்னும் சீக்கிரம் இறங்கியிருக்கிறது. அந்த மனிதர் ஒவ்வொரு சாயங்காலமும் தன் நல்ல கையும் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார். நான் ஒரே அடி என்று சொன்னதை நம்பியதனால்.

மேசையைச் சுற்றிப் போய்ப் பாயம்மாவின் காதருகே சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

“ஒங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

தலையைக் குனிந்துகொண்டேன். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. “பின்னாடி எடுத்துட்டுப் போயி காத்தடிச்சிட்டு வந்துடுங்க பாயம்மா. எண்ணெய் போட்டேன்னு சொல்லிக்கலாம். மறுபடியும் அடிப்பாரு.”

“நாளைக்கி?”

“நாளைக்கின்னா?”

“நாளைக்கி காத்து எறங்குனா மறுபடியும் கை போவுதுன்னு நெனப்பாங்கல்ல? எத்தினி தடவ தம்பி எண்ணெய் போடுறது?”

பலூனை முழுக்க ஊதி, முடிச்சுப் போட்டு, பலகையில் கட்டினார். அவசரமே படவில்லை. அப்புறம் கடைக்குப் பின்னால் போய், லுங்கியில் சுற்றி மூட்டையாக வைத்திருந்த பம்பை எடுத்துவந்து, பாய்க்கு நேர் முன்னால், அத்தனை கூட்டத்துக்கும் நடுவில் நிறுத்தினார். துப்பாக்கியைத் திருப்பி, 786 ஸ்டிக்கரை நகத்தால் பதமாக உரித்து, கண்ணில் ஒற்றி, கடைக் கம்பத்தில் ஒட்டினார். மீட்டரின் முள் அடியில் கிடந்தது.

“கை போவல. காத்துதான் போச்சி. கம்பெனிக் காத்துமில்ல, ஒண்ணுமில்ல. தெனம் நீங்க பள்ளிக்கிப் போனப்பறம் நான் அடிச்சி வைக்கிறது.”

பாய் மீட்டரைப் பார்த்தார். பம்பைப் பார்த்தார். நான் என் மனதைத் தயார் பண்ணிக்கொண்டேன். எழுந்து போய்விடுவார், துப்பாக்கியைத் தூக்கி எறிவார், மறுபடியும் டிவி, மறுபடியும் நாற்காலி. பாயம்மா பத்து அடி அடித்தார், பம்பின் குழாயைக் கழற்றினார், துப்பாக்கியை மூட்டைமேல் வைத்தார்.

பாய் வெகுநேரம் தொடவில்லை. பிறகு ஒற்றை விரலால் பிடியை இழுத்தார். குண்டைப் போட்டார். கன்னத்தைச் சாய்த்தார்.

டிங்.

இன்னொன்று. டிங்.

கூட்டம் கைதட்டியது. அவர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. “அப்ப கை இருக்கு” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. கண்ணில் நீர் இறங்கித் தாடிக்குள் போனது.

பாயம்மாவுக்கு அதைப் பார்த்ததும் தாங்கவில்லை, கோபமாக வந்தது. “ரெண்டு மாசமா கை போச்சின்னு நெனச்சிட்டே எங்கூட சோறு தின்னீங்களா? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“நீ சொன்னியா?” என்றார் பாய்.

அத்தனை வியாழக்கிழமைகளில் பாயம்மா இப்படி மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அப்புறம், பேசி வைத்ததுபோல, இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஒரே அடிதான் பாய்னு சொன்ன தம்பிதான இது?” என்றார் பாய்.

நான் மனைவி வருகிறாளா என்று வளையல் கடைப் பக்கம் பார்த்தேன்.

“அங்க என்னா பாக்குறீங்க? வாங்க. இவ ஒக்காரட்டும். நீங்க அடிங்க” என்று பாய் பம்பைக் காட்டினார்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பம்பின் கால் தட்டில் ஏறி நின்றேன். கடையில் நான் அடித்துக் காட்டியது பத்தே பத்து. அதற்குமேல் அந்தப் பம்பை நான் தொட்டதில்லை. பன்னிரண்டாவதில் கைப்பிடி முறைக்க ஆரம்பித்தது. பதினைந்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. இருபதில் நாக்குத் தள்ளியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. போதுமா என்று நிமிர்ந்தேன். பாயம்மா ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“இன்னும் நாப்பது இருக்கு தம்பி” என்றார்.